நீள்கொம்பு வண்டுக்குப் பெயர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்பு வைத்திருக்கும் சித்தப்பா போன ஆடி மாதம் ஒரு ஊறுகாய் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே கிட்டத்தட்ட ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற வண்டு ஒன்று. உடம்பைத் தாண்டி நீண்ட இரண்டு கொம்புகள் பாட்டிலுக்குள் அடங்காமல் வளைந்து கிடந்தன. இரு விரலால் பிடித்துத் தூக்கியதும் கிறீச் கிறீச் என்று கத்தியது. “தென்னங்குருத்தைக் குடையுமே, அந்தக் காண்டாமிருக வண்டுதானேப்பா இது?” என்றார்.

அல்ல, அது நீள்கொம்பு வண்டு. நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் வரும் குழப்பம் இதுதான். அதற்குக் காரணம் ‘கொம்பு’ என்ற சொல். காண்டாமிருக வண்டின் கொம்பு தலை ஓட்டிலிருந்தே முளைத்த கெட்டியான முனை, தனியாக அசையாது. நீள்கொம்பு வண்டின் கொம்பு அப்படியல்ல. கணுக்கணுவாக, பெரும்பாலும் பதினொரு கணுக்களோடு இருக்கும் உணர்கொம்பு அது. வாசனை அறிவதும் தொட்டுப் பார்ப்பதும் அதனால்தான். அந்தக் கிறீச் சத்தமும் வாயிலிருந்து வருவதில்லை. முன்மார்பின் பின்விளிம்பை, அதற்கடுத்த மார்புப் பகுதியின் மேலுள்ள நுண்ணிய வரிகளின் மீது தேய்த்து எழுப்புகிறது.

சரி, கொம்பு நீளமாக இருந்தால் போதுமா? போதாது. இந்தக் குடும்பத்திலேயே கொம்பு குட்டையான வண்டுகள் உண்டு; வேறு குடும்பங்களில் நீளக் கொம்புள்ளவையும் உண்டு. அதனால் கண்ணையும் காலையும் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. பெரும்பாலான நீள்கொம்பு வண்டுகளின் கண் வட்டமாக இருக்காது. அவரைவிதை போல உள்வாங்கி, கொம்பின் அடியை அணைத்தபடி இருக்கும். பாதத்தில் நான்கு கணுக்கள் இருப்பது போலத் தெரியும், உண்மையில் ஐந்து. மூன்றாவது கணு இதய வடிவில் இரண்டாகப் பிளந்து நிற்க, அதன் இடுக்கில் மிகச் சிறிய நான்காவது ஒளிந்திருக்கும். இலைவண்டுகளுக்கும் இதே பாதம்தான். எனவே கண், கால், கொம்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே இது நீள்கொம்பு வண்டு என்று சொல்ல வேண்டும்.

முகத்தையும் மறக்கக் கூடாது. செல்போனில் வரும் படங்களில் பத்துக்கு ஒன்பது முதுகு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் துணைக்குடும்பம் என்று சொல்வது முகம். சித்தப்பாவின் வண்டுக்கு முகம் செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்கியது, ஆட்டின் முகம் போல. அது லாமியினே துணைக்குடும்பத்தின் அடையாளம். முந்திரியைத் துளைக்கும் செம்பழுப்பு வண்டுக்கு முகம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், அது செராம்பிசினே. முதுகு, பக்கவாட்டு, வயிறு, முகம் என்று நான்கு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். செயலி சொல்லும் பெயர் தேடலுக்கு ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

கடலூர் மாவட்டத்தில் அதிக சேதம் தரும் தவறு ஒன்று உண்டு: முந்திரி மரத்தில் கிடைத்தால் அது முந்திரி துளைப்பான்தான் என்று முடிவு கட்டுவது. பண்ருட்டி, விருத்தாசலம், நெய்வேலி செம்மண் நிலத்தில் முந்திரிதான் பலருக்குச் சோறு போடுகிறது. அங்கே தண்டையும் வேரையும் துளைக்கும் முக்கியமான வண்டு நியோப்ளோசிடெரஸ் ஃபெருஜினியஸ். அதன் நெருங்கிய உறவான நியோப்ளோசிடெரஸ் ஒபீசஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாவிலும் பலாவிலும் வரும் பட்டோசெரா ருஃபோமேக்குலேட்டாவும் முந்திரிக்குள் புகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: அடித்தண்டில் ஓட்டை, பிசின், அதிலிருந்து தள்ளப்பட்ட மரத்தூள், மஞ்சளாகும் இலை. செத்த மரத்தைப் பிளக்கும்போது நிதானமாகத் தேடுங்கள். முட்டை ஓடு போல வெள்ளையாக, கெட்டியாக ஒரு கூடு கிடைத்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். நியோப்ளோசிடெரஸ் புழு தன்னைச் சுற்றிக் கட்டும் சுண்ணாம்புக் கூடு அது. பட்டோசெரா இப்படிக் கூடு கட்டுவதில்லை. வண்டையே பார்க்காமல் ஆளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரிந்து இல்லை.

புழுவை வைத்தும் தவறு நடக்கும். எருக்குழியில் அரைவட்டமாகச் சுருண்டு, ஆறு கால்களோடு கிடப்பது காண்டாமிருக வண்டின் புழு. தண்டுக்குள் இருக்கும் நீள்கொம்பு வண்டின் புழு நீண்டு, உருண்டு, கால் இல்லாதது போலவே தெரியும். தலைக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும் தட்டையாக, பாம்பு படமெடுத்தது போல அகன்றிருந்தால் அது பொன்வண்டுக் குடும்பத்துப் புழு.

அடுத்தது அளவு. “இது சின்னது, குட்டி வண்டு” என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டில் குட்டி கிடையாது. கூட்டை விட்டு வெளியே வந்த பிறகு வண்டு வளராது. புழுவாக இருந்தபோது நல்ல மரமும் போதிய தீனியும் கிடைத்திருந்தால் வண்டு பெரிது. காய்ந்த கிளையில் அரைவயிறாகக் கிடந்திருந்தால் அதே சிற்றினத்தில் பாதி அளவு வண்டு வரும். அளவை மட்டும் நம்பி இரண்டு வண்டுகளை இரண்டு சிற்றினம் என்று பிரிக்காதீர்கள். ஆண் பெண் வேறுபாட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பொதுவாக ஆணின் கொம்பு உடம்பைத் தாண்டிப் போகும், பெண்ணின் கொம்பு அதைவிடக் குட்டை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புதிதாகத் தொடங்குபவர் கட்டாயம் ஏமாறுவார்.

நிறத்தைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் இழந்தது இதில்தான். பல நீள்கொம்பு வண்டுகளின் நிறம் ஓட்டில் இல்லை. ஓட்டின் மேல் படிந்த மெல்லிய முடியில் இருக்கிறது. வயதான வண்டில் அது தேய்ந்து கருப்பு வெளியே தெரியும். ருஃபோமேக்குலேட்டா என்றாலே செம்புள்ளி கொண்டது என்று பொருள். உயிரோடு இருக்கும்போது இறக்கை உறையில் ஆரஞ்சாக இருந்த புள்ளிகள், பெட்டியில் குத்தி வைத்த சில வருடங்களில் வெளிறி வெள்ளையாகிவிடுகின்றன. அந்தப் பழைய மாதிரியைப் பார்த்து வெண்புள்ளி வண்டு என்று எழுதினால் எங்கே போய் நிற்போம்? பிடித்த அன்றே, உயிரோடு இருக்கும்போதே நிறத்தைக் குறித்து வையுங்கள். விளக்கம் எழுதும்போது “அழகான பழுப்பு” என்று முடிக்காமல், முடி எந்த நிறம், ஓடு எந்த நிறம், புள்ளி முடியால் ஆனதா ஓட்டிலேயே உள்ளதா என்று பிரித்து எழுதுங்கள்.

இப்போது சீட்டு. வண்டோடு ஊசியில் குத்தும் அந்தச் சின்னக் காகிதம். ‘புதுச்சேரி’ என்று மட்டும் எழுதினால் அது எந்தப் புதுச்சேரி? காரைக்கால் இருப்பது நாகப்பட்டினம் பக்கம், ஏனாம் ஆந்திராவில், மாஹே கேரளக் கரையில். மாஹேயின் மழையும் மரங்களும் வேறு. அங்கே பிடித்த வண்டுக்கும் நம் சோழமண்டலக் கரைக்கும் சம்பந்தம் இல்லாமலே போகலாம். புதுச்சேரிப் பகுதிக்குள்ளேயும் எல்லை துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாகூரிலிருந்து கடலூர் போகிற வழியில் மாநிலம் மாறுகிறது, வண்டுக்கு அது தெரியாது. பழைய சீட்டுகளில் ‘தென்னாற்காடு’ என்றிருந்தால், 1993இல் மாவட்டம் பிரிந்தபோது உருவான கடலூர், விழுப்புரம் இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும். ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, எப்படிப் பிடித்தது, யார் பிடித்தது: இவ்வளவும் சீட்டில் வேண்டும். சீட்டு இல்லாத வண்டு வெறும் அலங்காரப் பொருள்.

ஊர்ப்பெயர் பற்றி இன்னொன்று. சிற்றினப் பெயரிலேயே ஒரு ஊர் இருந்தால் அது அங்கே மட்டும் வாழும் என்று அர்த்தமில்லை. நம் கௌதாரியின் அறிவியல் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது, பாண்டிசெரியானஸ் என்று. ஆனால் அந்தப் பறவை ஈரான் வரைக்கும் வாழ்கிறது.

பெயர் மாறினால் வண்டு மாறிவிட்டது என்று நினைப்பதும் அடிக்கடி நடப்பதே. முந்திரி வண்டை 1758இல் லின்னேயஸ் செராம்பிக்ஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பேரினம் என்பது அறிவியல் பெயரின் முதல் சொல். பிறகு பிளோசிடெரஸ் என்றார்கள். 1991இல் நியோப்ளோசிடெரஸ் என்ற பேரினப் பெயர் வந்தது. பழைய வேளாண் கையேட்டில் ஒரு பெயரும் புதியதில் வேறு பெயரும் இருந்தால் இரண்டும் ஒரே வண்டுதான். கடைசிச் சொல்லைப் பாருங்கள், ஃபெருஜினியஸ், அது மாறவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் லின்னேயஸ், 1758 என்பது அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அச்சுப்பிழை அல்ல. அவர் முதலில் வைத்த பேரினம் பிறகு மாறிவிட்டது என்பதற்கான குறி அது, அதை நீக்கக் கூடாது.

இனங்காணும் திறவுகோலை, அதாவது கேள்விக்குக் கேள்வி கிளை பிரிந்து ஒரு பெயரில் கொண்டுபோய் விடும் பட்டியலை, கட்டாயப்படுத்தாதீர்கள். இந்தியாவின் நீள்கொம்பு வண்டுகளுக்கு இன்னும் பலர் எடுத்துப் பார்ப்பது கஹான் என்ற பூச்சியியலாளர் 1906இல் எழுதிய தொகுதி. அருமையான உழைப்பு. ஆனால் அதில் லாமியினே துணைக்குடும்பம் இல்லை. சித்தப்பாவின் வண்டை அதில் வைத்து ஓட்டினால் ஏதோ ஒரு கிளையில் ஏதோ ஒரு பெயர் வந்து விழும், அது நிச்சயம் தவறாகத்தான் இருக்கும்.

எதிலும் பொருந்தவில்லை என்றதும் “புதிய சிற்றினம்” என்று துள்ளுவது எனக்குப் புரிகிறது. ஆனால் லாமியினேயில் கடந்த நூற்றாண்டில் ப்ராய்னிங் என்ற பூச்சியியலாளர் ஒருவரே ஆயிரக்கணக்கில் பெயர் வைத்திருக்கிறார், பல விளக்கங்கள் சில வரிகளே. மூல மாதிரிகளோடு, அதாவது முதலில் பெயர் வைக்கப் பயன்பட்ட வண்டுகளோடு, ஒப்பிடாமல் புதியது என்று அறிவித்தால், ஏற்கெனவே பெயருள்ள வண்டுக்கு இன்னொரு பெயர் சுமத்துவதாகிவிடும். புதிய பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், எது முதன்மை மாதிரி, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்று வெளியீட்டிலேயே சொல்ல வேண்டும். 2000 முதல் நடப்பில் உள்ள சர்வதேச விலங்குப் பெயரிடல் விதி அது. இணையத்தில் மட்டும் வெளியிட்டால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். மாதிரி வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. புதிய உயிரினம் கண்டால் அறிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும் சொல்கிறது. நமக்கு அருகில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது.

கடைசியாக, மரம். வண்டு உட்கார்ந்திருந்த மரமெல்லாம் அதன் உணவு மரம் அல்ல. இரவில் விளக்கைத் தேடி வரும், வழியில் எங்கேயும் இறங்கும். அந்த மரத்தைப் பிளந்து புழு எடுத்து வளர்த்தாலோ, கட்டையைக் கூண்டில் வைத்து வண்டு வெளியே வந்தாலோதான் “இதில் வளர்கிறது” என்று எழுதலாம். மரத்தின் பெயரும் சரியாக இருக்க வேண்டும். காட்டு மரமாக இருந்தால் இலை, பூ, காயோடு ஒரு கிளையை உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பெரிய உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க.

சித்தப்பாவின் வண்டுக்கு வருகிறேன். முன்மார்பின் மேல் இரண்டு ஆரஞ்சுத் திட்டுகள், பக்கத்துக்கு ஒரு முள், இறக்கை உறைகள் சேரும் இடத்தில் வெள்ளை முக்கோணத் தகடு. பட்டோசெரா, ஆண். இந்தத் திட்டுகள் ருஃபோமேக்குலேட்டாவுக்கு மட்டும் சொந்தமல்ல, ரூபஸ் என்ற சிற்றினத்துக்கும் உண்டு. அதனால் அன்றைக்குப் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன். சீட்டில் ‘பலா மரத்தில்’ என்று எழுதப் போனவன், ஒரு சந்தேகத்தில் அவரிடம் கேட்டேன்.

“மரத்துல எங்க புடிச்சேன்? மோட்டார் கொட்டகை லைட்டுல வந்து மோதுச்சு, எடுத்து பாட்டில்ல போட்டேன்” என்றார்.

சீட்டில் ‘மோட்டார் கொட்டகை விளக்கு, இரவு’ என்று எழுதினேன். மறுநாள் காலை இருவரும் டார்ச்சோடு தோப்புக்குப் போய், ஒவ்வொரு பலாவின் அடித்தண்டிலும் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று தேட ஆரம்பித்தோம்.