ரத்தப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: எங்கே தவறு நடக்கிறது?

ரத்தப் புற்றுநோய் என்றதும் "கரண்ட் எப்போது வைப்பார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது கதிர்வீச்சைத்தான்; பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது. நோய் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் பரவியிருப்பதால் மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. மருந்து சரியாக எட்டாத மூளை, விரைப் பகுதிகளுக்கும், வீங்கி வலிக்கும் மண்ணீரலுக்கும், சிலருக்கு ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல செல்) மாற்றுக்கு முன் உடல் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். ஆகவே, கதிர்வீச்சு இல்லாததால் சிகிச்சை அரைகுறை என்று நினைப்பது தவறு. எதற்காக என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதும் தவறுதான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, என்னைக் கேட்டால், குழந்தைப்பேறு பற்றிப் பேசாமல் விடுவது. முழு உடல் கதிர்வீச்சில் மொத்தம் 12 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக 3 நாளில் கொடுப்பது பரவலான முறை. அந்த அளவுக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் குழந்தை பெறும் திறன் போய்விடும். விந்தணுவைச் சேமிக்க அதிக நேரம் ஆகாது. கருமுட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் வேண்டும், நோயின் அவசரம் அதற்கு இடம் கொடுக்காமலும் போகலாம். அதனால் முடிந்தவரை கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதின்வயதுப் பையனுக்காகப் பெற்றோர்தான் கேட்க வேண்டும். கூச்சப்பட இது நேரமில்லை.

அப்புறம், நோயாளியிடமிருந்து கதிர் மற்றவர்களுக்குப் பரவும் என்ற வீண் பயம். வெளியிலிருந்து பாயும் கதிர் உடலில் தங்காது. இயந்திரம் நின்றதும் எல்லாம் முடிந்தது. கதிரைப் பொறுத்தவரை நோயாளி பக்கத்தில் குழந்தை உட்காரலாம். தனியறையில் வைப்பது அவரைக் கிருமியிடமிருந்து காக்கத்தான்.

கதிரைக் குறிபார்த்துப் பாய்ச்சத் தோலில் போட்ட குறிகளைத் தேய்த்து அழிக்காதீர்கள். கேட்காமல் வைட்டமின் மாத்திரை வேண்டாம். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

முழு உடல் கதிர்வீச்சின் முதல் நாளில் கன்னம் வீங்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பியின் எதிர்வினை அது, சில நாளில் வடிந்துவிடும். தலைக்குக் கொடுத்து சில வாரம் கழித்து குழந்தை எந்நேரமும் தூங்கி வழிவதும் உண்டு. பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் நோய் மூளைக்குத் திரும்பினாலும் ஆரம்பத்தில் இப்படித் தோன்றலாம் என்பதால், வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

கண்புரை, தைராய்டு குறைபாடு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு எல்லாம் ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். எந்த உறுப்புக்கு எவ்வளவு கிரே என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.