‘இன்னும் ஒரே ஒரு சண்டை’: வயதான குத்துச்சண்டை வீரர்கள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

1980-ம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில், தன் ஊர்க்காரரும் பழைய ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூட்டாளியுமான ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டியில் ஆடிக் காட்டினார். அப்போது அவர் ஓய்வை அறிவித்துவிட்டவர். வயது 38. கதை அங்கேயே நின்றிருக்கக் கூடாதா என்று நான் பல முறை ஏங்கியிருக்கிறேன். நிற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுக்கு எதிராக மீண்டும் மேடை ஏறினார். பத்து சுற்றும் அடி வாங்கினார். ஒரு காலத்தில் அலியிடம் ஸ்பாரிங் ஆளாக வேலை பார்த்த ஹோம்ஸ், ஜெயித்துவிட்டு அழுதார்.

வயதான வீரர் தொடரலாமா, விலக வேண்டுமா என்ற பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, “இன்னும் ஜெயிக்க முடியுமா?” என்பதைத்தான். கேள்வியே தவறு என்பது என் கட்சி. அந்தத் தலை இதுவரை எவ்வளவு வாங்கியிருக்கிறது, நிறுத்தச் சொல்லும் துணிச்சலோடு அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும். இதை விட்டுவிடுவதால் வருகிற தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன்.

“ஃபோர்மேன் 45 வயதில் ஜெயிக்கவில்லையா?”

அடிக்கடி காதில் விழும் வாதம் இது. ஜார்ஜ் ஃபோர்மேன் 1994 நவம்பர் 5-ம் தேதி மைக்கேல் மூரரை வீழ்த்தி 45 வயதில் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தை வென்றது உண்மை. அலியிடம் 1974-ல் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரோடு வந்து வென்றார். அந்தக் காட்சியில் உருகாதவர் யாரும் இருக்க முடியாது, நானும் உருகியவன்தான். ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். 1977-ல் விலகியவர் பத்து வருடம் மேடைப் பக்கமே வரவில்லை. ஹூஸ்டனில் பிரசங்கியாராக இருந்தார். மற்றவர்கள் அடி வாங்கித் தேய்கிற வயதில் அவர் தலைக்கு ஒரு குத்தும் விழவில்லை. 1987-ல் திரும்பிய பிறகும், எளிதான எதிரிகளோடு தொடங்கி நிதானமாகத்தான் மேலே வந்தார். மூரருடன் நடந்த சண்டையிலும் ஒன்பது சுற்று வரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியே இருந்தார். பத்தாவது சுற்றில் ஒரு வலது கைக் குத்து எல்லாவற்றையும் மாற்றியது. குத்துச்சண்டைக்காரர்கள் சொல்வார்கள்: கால்தான் முதலில் போகும், அப்புறம் கண், குத்தின் பலம் கடைசியில்தான் போகும். ஃபோர்மேனைக் காப்பாற்றியது அந்தக் கடைசிச் சொத்து. வேகத்தையும் அனிச்சையையும் நம்பி ஆடியவருக்கு அப்படி ஒன்று மிஞ்சாது.

பெர்னார்ட் ஹாப்கின்ஸையும் உதாரணம் காட்டுவார்கள். 46 வயதில் ழான் பாஸ்கலை வென்றவர், 49 வயதிலும் பட்டத்தோடு இருந்தவர். கட்டுப்பாடான வாழ்க்கை, அடி படாமல் ஆடுகிற பாணி இரண்டும் சேர்ந்த அபூர்வப் பிறவி. அவருடைய கடைசிச் சண்டையும் 2016 டிசம்பரில் எப்படி முடிந்தது? 51 வயதில், ஜோ ஸ்மித்தின் குத்துகளில் கயிறுகளுக்கு வெளியே போய் மேடையிலிருந்து தரையில் விழுந்தார். விதிவிலக்காக வாழ்ந்தவருக்கே முடிவு இப்படி.

உடம்பைப் பார்த்து ஏமாறுவது

ஹோம்ஸுடன் மோதிய அன்று அலி பார்க்க அழகாக இருந்தார். எடையை நன்றாகக் குறைத்து, நரைக்குச் சாயம் பூசி, பத்து வருடம் இளையவர் போலத் தெரிந்தார். பழைய அலி திரும்பிவிட்டார் என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அந்த எடைக் குறைவில் தைராய்டு மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதையும் சொன்ன அளவைவிட அதிகமாகச் சாப்பிட்டிருந்தார். மேடையில் ஏறியதும் உடம்பில் வலுவே இல்லை.

வயிறு ஒட்டியிருப்பதும் பையில் வேகமாகக் குத்துவதும் மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது. வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். அப்போது மூளைக்கும் மண்டையோட்டு உறைக்கும் நடுவே இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். இளம் வயதில் தாங்கிய அதே குத்து, இப்போது உள்ளே ரத்தக் கசிவை உண்டாக்கலாம். இது சமூக ஊடகத்தில் வருகிற பயிற்சி வீடியோவில் தெரியாது.

சண்டைகளை மட்டும் எண்ணுவது

“மொத்தமே 30 சண்டைதானே, தலை பத்திரமாக இருக்கும்” என்பார்கள். அப்படியானால் ஸ்பாரிங்கில் வாங்கியது எந்தக் கணக்கில் வரும்? ஒரு சண்டைக்காகப் பல வாரம் பயிற்சிக்கூடத்தில் சுற்றுக் கணக்கில் அடி விழும். அலி பென்சில்வேனியாவின் டீர் லேக் முகாமில், உடம்பு தாங்கிப் பழகட்டும் என்று ஸ்பாரிங் ஆட்களைத் தன்னைக் குத்த விட்டார். மயங்கி விழ வைக்கும் குத்து மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பது தவறு. லேசாகத் தோன்றும் அடிகளும் வருடக் கணக்கில் சேரும். குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் மூளைச் சிதைவைப் பற்றி ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார்.

வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய பேட்டிகளை எடுத்துக் குரலைக் கேளுங்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலியின் பேட்டிகளை வைத்துக் கணக்கிட்டபோது, 1968-க்கும் 1981-க்கும் இடையே அவர் பேசும் வேகம் 26 சதவீதம் குறைந்திருந்தது. பார்க்கின்சன் அறிகுறி என்று மருத்துவர்கள் அவரிடம் சொன்னது 1984-ல்தான். அந்த நோய்க்குக் குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் பேச்சு தளர்ந்துகொண்டு வந்ததைக் காது உள்ளவர்கள் எல்லோரும் கேட்டிருக்க முடியும். அப்படியிருந்தும் அவர் சண்டைகளுக்கு டிக்கெட் விற்றார்கள்.

“லைசென்ஸ் கொடுத்துவிட்டார்களே”

ஹோம்ஸ் சண்டைக்கு முன் அலியை, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் குத்துச்சண்டை ஆணையம் மயோ கிளினிக் மருத்துவமனையில் சோதிக்கச் சொன்னது. ஒற்றைக் காலில் குதிப்பதிலும், விரலால் மூக்கைத் தொடுவதிலும் சிறு தடுமாற்றம் இருந்தது அறிக்கையில் பதிவாகியிருந்தது. இருந்தும் அனுமதி கிடைத்தது. தோற்ற பிறகு அமெரிக்காவில் மீண்டும் அனுமதி வாங்குவது கடினமாகிவிட்டது. சரி, அத்தோடு முடிந்ததா? 1981 டிசம்பர் 11-ம் தேதி பஹாமாஸ் தீவில் ட்ரெவர் பெர்பிக்கோடு மோத விட்டார்கள். சுற்று தொடங்க அடிக்கும் மணிகூட ஏற்பாடு செய்யாமல், மாட்டு மணியை அடித்துத்தான் நடத்தினார்கள். உலகமே கொண்டாடிய ஒரு மனிதனுக்குக் கிடைத்த வழியனுப்பு அதுதான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஒரு இடத்தில் கதவை மூடினால் இன்னொரு இடத்தில் திறக்கும் இந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை. முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டின் திறமை தேய்ந்துவிட்டது என்று நியூயார்க் ஆணையம் 2004-ல் அவரை ஆட விடாமல் நிறுத்தியது. அப்புறம் டெக்சஸில் திரும்ப ஆடினார். 2021 செப்டம்பரில், 58 வயதில், விட்டோர் பெல்ஃபோர்ட்டுடன் மோத கலிஃபோர்னியாவில் அனுமதி கிடைக்காததால் நிகழ்ச்சி ஃப்ளோரிடாவுக்குப் போனது. முதல் சுற்றிலேயே ஹோலிஃபீல்டு தோற்று, சண்டை முடிந்துவிட்டது. தவிர, ஸ்கேன் சரியாக இருப்பதால் மூளை நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. தொடர் அடிகளால் வரும் சிதைவை இன்றும் இறந்த பிறகு மூளையைச் சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள்.

முடிவை வீரரிடமே விடுவது

“அவர் உடம்பு, அவர் இஷ்டம்” என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விழுந்தாலும் எழு, வலித்தாலும் காட்டாதே என்று பத்து வயதிலிருந்து பழக்கிய ஒருவரிடம் போய், “போதுமா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? தன்னைத் தானே எடை போட வேண்டிய அந்த மூளைதான் அடி வாங்கியிருக்கிறது.

ஜோ ஃபிரேசியருக்கு நல்லூழ் இருந்தது. 1975 அக்டோபர் 1-ம் தேதி மணிலாவில் அலியுடன் பதினான்கு சுற்று முடிந்தபோது, கண் வீங்கி வரும் குத்து தெரியாத நிலை. இன்னும் ஒரே ஒரு சுற்று. ஃபிரேசியர் எழப் பார்த்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச், அவர் எதிர்ப்பையும் மீறிச் சண்டையை நிறுத்தினார். அலிக்கும் அப்படி ஒருவர் இருந்தார், ஆனால் அவர் பேச்சு எடுபடவில்லை. மருத்துவர் ஃபெர்டி பாச்செகோ 1977-ல் எர்னி ஷேவர்ஸ் சண்டை முடிந்ததும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சோதனை முடிவோடு அலிக்கும் சுற்றி இருந்தவர்களுக்கும் கடிதம் அனுப்பினார். யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. பாச்செகோ அந்த முகாமை விட்டே போய்விட்டார். வீரரின் சம்பளத்தில் வயிறு வளர்க்கிறவர்களிடம் “நிறுத்தலாமா?” என்று கேட்டுப் பயனில்லை. நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்று உடம்பும் புத்தியும் தெளிவாக இருக்கும் வயதிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

மேரி கோமின் நிலையை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஆடும் பசி இன்னும் இருக்கிறது, 40 வயது வரம்பு விடவில்லை என்று 2024 ஜனவரியில் சொன்னார். ஆறு முறை உலகப் பட்டம் வென்றவருக்கு அது வருத்தம்தான். ஆனால் அமெச்சூர் விளையாட்டில் அந்த முடிவை விதி எடுக்கிறது. தொழில்முறை மேடையில் எடுக்க ஆளில்லை.

பணத்தையும் வேலையையும் பேசாமல் அறிவுரை சொல்வது

ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸ் 1949-ல் ஓய்வு பெற்றவர், வரிக் கடனுக்காகத் திரும்பி வந்தார். 1951-ல் 37 வயதில் ராக்கி மார்சியானோவின் குத்தில் கயிறுகளைத் தாண்டி விழுந்தார். எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர் சக் லிடெல் 2010-ல் விலகியபோது, அந்தப் போட்டிகளை நடத்தும் யூ.எஃப்.சி. நிறுவனம் அவருக்கு அலுவலகப் பதவி கொடுத்தது. நிறுவனம் கைமாறிய பிறகு அந்தப் பதவி போனது. 2018 நவம்பரில், 49 ஆக ஒரு மாதம் இருக்கையில், டிட்டோ ஆர்டிஸிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார். “விட்டுவிடு” என்று சொல்கிறவர்கள், விட்ட மறுநாள் காலையில் அவர் எங்கே போவார் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

“காட்சிக்குத்தானே” என்று பார்ப்பது

2024 நவம்பர் 15-ம் தேதி 58 வயது மைக் டைசன், தன்னைவிட 31 வயது இளையவரும் யூடியூப் பிரபலமுமான ஜேக் பாலுடன் மோதினார். சுற்றுக்கு இரண்டு நிமிடம், கையுறை 14 அவுன்ஸ் என்று தளர்த்தினார்கள். ஆனால் குத்து குத்துதான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் வயிற்றுப் புண்ணால் சண்டை தள்ளிப் போயிருந்தது. நாம் பார்ப்பதால்தான் இப்படிப்பட்டவை நடக்கின்றன. நான் இனி பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

“ஆனது ஆகிவிட்டது, இனி நிறுத்தி என்ன?”

எல்லாவற்றிலும் கொடுமையான தவறு இது. லாஸ் வேகாஸில் க்ளீவ்லேண்ட் கிளினிக் 2011 முதல் சண்டை வீரர்களின் மூளையைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. விலகிய வீரர்களிடம் நினைவாற்றல் போன்ற சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. நரம்புச் சேதத்தைக் காட்டும் ரத்தக் குறியீடும் இறங்கியது. போனதெல்லாம் திரும்பாது, ஆனால் மேலும் போகாமல் தடுக்கலாம். அதனால் 35, 40 வயதில் இன்னும் கையுறை மாட்டுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்களும் உள்ளே போங்கள். தூக்கம் கெடுவது, சாவியை வைத்த இடம் மறப்பது, காரணமில்லாத கோபம், பேச்சில் குழறல் எல்லாவற்றையும் நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார்.