மாணவர் மீதான முறைகேட்டுப் புகாரைக் கல்லூரி விசாரிக்க வேண்டிய முறை

தேர்வறையில் பார்த்தெழுதியதாகவோ, பிறருடைய எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டி ஒப்படைத்ததாகவோ ஒரு மாணவர் மீது புகார் வந்துவிட்டால், விசாரணைக் குழுவின் பேச்சு பெரும்பாலும் என்ன தண்டனை கொடுக்கலாம் என்பதிலிருந்தே தொடங்குகிறது. புகாரில் சொன்னது நடந்ததா என்ற கேள்விக்கு முன்பே விடை கிடைத்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்து, நடந்ததா என்பதற்கு விடை எழுதி முடிக்கும்வரை தண்டனை பற்றிய கேள்வியைத் தொடாமல் இருப்பதே நேர்மையான விசாரணைக்கு அடிப்படை.

புகார் எழுந்த இடத்திலேயே சான்றைப் பாதுகாக்க வேண்டும். துண்டுச் சீட்டு பிடிபட்டால், அறைக் கண்காணிப்பாளர் நேரத்தையும் இருக்கை எண்ணையும் குறித்து, சீட்டை உறையிலிட்டு, தான் கண்ணால் கண்டதை மட்டும் அன்றே எழுதித் தர வேண்டும்; 'இந்த மாணவர் எப்போதும் இப்படித்தான்' என்ற வரிக்கு அந்த அறிக்கையில் இடமில்லை. விதி தடுக்காதவரை, எஞ்சிய நேரத்தில் மாணவரைப் புதிய விடைத்தாளில் எழுத விடுவது நல்லது. அவர் மீது தவறில்லை என்று பின்னால் தெரியவந்தால், பறிபோன அந்த நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. கட்டுரையாக இருந்தால் ஒப்படைத்த மூலக் கோப்பை அப்படியே எடுத்துவைக்க வேண்டும்.

விசாரணையின் தரம் பாதிக்கு மேல் அழைப்புக் கடிதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. 'தாங்கள் முறைகேட்டில் ஈடுபட்டதாகத் தெரியவருகிறது, விளக்கம் தரவும்' என்று எழுதினால், எதற்கு விளக்கம் தருவதென்றே மாணவருக்குப் புரியாது. 'இரண்டாம் ஒப்படைப்பின் நான்காம் பக்கத்திலுள்ள மூன்று பத்திகள், இணைப்பில் காணும் கட்டுரையோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கின்றன. மேற்கோள் குறியோ மூலத்தின் பெயரோ இல்லை' என்று எழுதினால், தான் பதில் சொல்ல வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். மீறப்பட்டதாகக் கருதும் விதி, சான்றின் நகல், குழு உறுப்பினர்களின் பெயர்கள், விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனை, துணைக்கு ஒருவரை அழைத்துவர முடியுமா என்ற தகவல் ஆகியவையும் கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதத்துக்கும் விசாரணை நாளுக்கும் இடையே ஒரு வாரமாவது அவகாசம் தர வேண்டும்.

புகார் கொடுத்த ஆசிரியர் குழுவில் அமரக் கூடாது. அவர் சாட்சியாக வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது வெளியேற வேண்டும். மாணவரைக் கேட்காமல் தீர்ப்பு எழுதவும் கூடாது. இது புதிதாக வந்த சலுகை அன்று. ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவர் தரப்பைக் கேட்காமலே பறித்தபோது, 1723-இல் இங்கிலாந்து நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆதாமைக்கூட, அவன் பதிலைக் கேட்ட பிறகே கடவுள் தண்டித்தார் என்று நீதிபதி ஒருவர் அவ்வழக்கில் நினைவூட்டினார்.

விசாரணை அறையில் முதலில் புகாரை வாசித்து, சான்றை மேசை மேல் வைத்து, மாணவரை இடைமறிக்காமல் பேச விட வேண்டும். 'ஏன் காப்பி அடித்தாய்?' என்று கேட்பது விடையை முன்கூட்டியே எழுதிவைத்த கேள்வி. 'இந்த வரி உனக்கு எங்கிருந்து கிடைத்தது?' என்பதே கேட்க வேண்டிய முறை. நான் அமர்ந்த ஒரு விசாரணையில், இரண்டு விடைத்தாள்களில் ஒரே கணக்கின் ஆறாவது வரியில் ஒரே கழித்தல் குறி விடுபட்டிருந்தது. ஒருவர் மற்றவரைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நானும் நம்பினேன். புகாருக்குள்ளான மாணவி தன் பையிலிருந்து துறை வழங்கிய குறிப்புத்தாளை எடுத்து விரித்தார். அதிலும் ஆறாவது வரியில் அந்தக் குறி இல்லை. கேட்டிருக்காவிட்டால் ஓராண்டுப் படிப்பை அவரிடமிருந்து பறித்திருப்போம். அந்த எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

மென்பொருள் தரும் எண்களைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்புமை விழுக்காடு என்பது எத்தனை சொற்கள் வேறிடத்திலும் உள்ளன என்று மட்டும் சொல்லும்; முறையாகக் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடக்கூடும். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அத்தகைய புகார்களில் மாணவரின் வரைவுகள், கோப்பின் மாற்ற வரலாறு, எழுதிய பொருளைப் பற்றி அவரோடு நடத்தும் உரையாடல் ஆகியவை அந்த எண்ணைவிடப் பல மடங்கு பயன்படும்.

முடிவுக்கு வரும்போது, எந்த அளவு சான்று போதும் என்று விதி சொல்கிறதோ அதைக் குழு உரக்க வாசித்துக்கொள்ள வேண்டும். பல கல்லூரிகளில், 'தவறு நடக்காமல் இருந்ததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்பதே அளவுகோல். ஆயினும் வெறும் சந்தேகம் அதை எட்டாது. நடந்தது என்று முடிவான பிறகே பழைய தவறுகளின் பதிவைத் திறந்து, முதல் முறையா, திட்டமிட்டதா, மேற்கோள் காட்டத் தெரியாததால் வந்ததா என்று பார்த்து, இதே போன்ற முந்தைய தவறுகளுக்கு விதித்த தண்டனையோடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஆணையில் எந்தச் சான்றை ஏற்றோம், மாணவர் சொன்ன எதை ஏற்கவில்லை, ஏன் என்பதும், மேல்முறையீட்டை யாரிடம், எந்த நாளுக்குள் செய்யலாம் என்பதும் இருக்க வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்பவர் முதல் குழுவில் இல்லாதவராக இருப்பதோடு, அது முடியும்வரை மாணவர் வகுப்புக்கு வரத் தடையும் கூடாது. புகார் நிரூபணமாகவில்லை என்றால், நிறுத்திவைத்த மதிப்பெண்ணை உடனே வெளியிட்டு, புகார் பற்றி முன்பு தெரிவிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்த முடிவை எழுத்தில் அனுப்பி, நகலை அந்த மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.