வீடியோ பாத்தும் மூடுலில 'பாக்கேல்ல' எண்டு காட்டினது: என் அனுபவம்

எங்கட வகுப்பில பாதிப்பேர் ஹோல்ல, மிச்சம் சூம்ல. வர முதலே வீடியோ பாத்திட்டு வரவேணும், பாத்தாத்தான் மூடுலில (பாடமும் குவிஸும் போடுற இணையத்தளம்) குவிஸ் திறக்கும், வகுப்பு நேரம் முழுக்க கணக்குச் செய்யத்தான். வீடியோ எச்ஃபைவ்பி (H5P) எண்ட கருவியால செய்த இன்டராக்டிவ் வீடியோ, நடுவில கேள்விகள் வரும்.

பெடியள் எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டுட்டம் எண்டு சொல்லுறாங்கள், ரிப்போட்டில அட்டெம்ப்டே (செய்த பதிவே) இல்ல, குவிஸும் பூட்டு. முதல்ல சிக்னல் எண்டுதான் நினைச்சம், தீவுப்பக்கம் இருந்து வாற பிள்ளையள் கனபேர். வீடியோவின்ர தரத்தைக் குறைச்சு 360பி ஆக்கினன், கேஷ் அழிக்கச் சொன்னன், பிரவுசர் மாத்தச் சொன்னன், ஒண்டும் சரிவரேல்ல.

பிறகுதான் பாத்தன், நெடுந்தீவுப் பிள்ளை ஒண்டுக்கு மட்டும் மார்க்ஸ் ஒழுங்கா விழுந்திருக்கு, அங்கதான் சிக்னலே மோசம்! கேட்டா, கடைசிக் கேள்விக்கும் பதில் போட்டுட்டு, மிச்ச வீடியோவை ஓடவிட்டுட்டு தேத்தண்ணி போடப் போனதாம், வந்து பாக்க கடைசியில ஒரு நட்சத்திரமும் 'சப்மிட் ஆன்சர்ஸ்' பட்டனும் நிண்டதாம், அமத்தினதாம். விசயம் அதுதான். அந்தப் பட்டனை அமத்தினாத்தான் மார்க்ஸ் மூடுலுக்குப் போகும். மற்றவை கடைசி 'நன்றி' ஸ்லைட் வரவே மூடிட்டுப் போயிடுவினம், ஆர் அதைப் பாப்பினம்?

எடிட்டருக்குள்ள போய் சப்மிட் ஸ்கிரீனை கடைசிக் கேள்வி முடிஞ்ச கையோட வாற மாதிரி முன்னுக்கு வைச்சன், 'நன்றி' ஸ்லைடையும் வெட்டிட்டன். அடுத்த வகுப்புக்கு ரிப்போட் நிரம்பிட்டுது, அப்பாடா. பழைய பதில்கள் திரும்பி வராது, அந்தக் கிழமைக்கு அக்டிவிட்டி கம்ப்ளீஷன் ரிப்போட்டில (ஆர் எதை முடிச்சது எண்டு காட்டுற பக்கம்) நானே ஒவ்வொருத்தருக்கும் டிக் போட்டு குவிஸைத் திறந்துவிட்டன்.