காலநிலை நிதி: கடனை உதவி என்று எழுதாதீர்கள்

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு வளர்ந்த நாடுகள் தரும் பணம்தான் காலநிலை நிதி. அதன் கணக்குகளைப் படிக்க வரும் புதியவர்களுக்குச் சில வருடங்களாகச் சொல்லித் தருகிறேன். பூஜ்யம் விட்டுப்போவது, ஆண்டு மாறிப்போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். நான் செய்த அதே பெரிய பிழைகளை அவர்களும் செய்யும்போதுதான் மனசு கேட்பதில்லை.

கடனையும் மானியத்தையும் ஒன்றாகக் கூட்டுவது

2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் வளர்ந்த நாடுகள் சொல்லின. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி 2022இல்தான் அதைத் தாண்டினார்கள்: 11,590 கோடி டாலர். உடனே 'கொடுத்துவிட்டார்கள்' என்று எழுதிவிடுகிறோம். அந்த ஆண்டு வந்த அரசுப் பணத்தில் 69 சதவீதம் கடன், திருப்பித் தர வேண்டாத மானியம் 28 சதவீதம்தான்.

ஆரம்பத்தில் நானும் இரண்டையும் கூட்டி, 'பெற்ற உதவி' என்று அட்டவணைக்குத் தலைப்பு வைத்தேன். கடன் வாங்கிய நாட்டின் நிதித்துறை அதிகாரி ஒருவர் படித்துவிட்டு, "இதில் பாதிக்கு மேல் நாங்கள் வட்டியோடு கட்டப்போகிற பணம். இதை உதவி என்று எங்கள் மக்களிடம் எப்படிச் சொல்வேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அட்டவணையைத் திருத்துவதற்குள் வேறு இரண்டு அறிக்கைகள் என் பழைய எண்ணை எடுத்தாண்டிருந்தன. இன்றும் அதை எங்காவது பார்த்தால் எரிச்சல் வருகிறது.

கடன் என்றால் வட்டி, தவணைக் காலம், முதல் தவணை எப்போது என்ற மூன்றையும் கேளுங்கள். 100 கோடி கடனுக்குக் கட்டப்போகும் தவணைகளின் இன்றைய மதிப்பு 70 கோடி என்றால், உதவி 30 கோடி மட்டுமே. சந்தை வட்டிக்கே கொடுத்திருந்தால் உதவி என்று ஒன்றும் இல்லை.

கடனே கூடாது என்று சொல்லவில்லை. சூரிய மின் நிலையம் மின்சாரம் விற்றுக் கடனை அடைத்துவிடும். கடலரிப்பைத் தடுக்கும் சுவர் எதை விற்கும்? ஊரைக் காப்பாற்றும், ஆனால் வருமானம் தராது. அதனால்தான் இப்படிப் பாதிப்பிலிருந்து காக்கும் தகவமைப்புப் பணிகளுக்கு மானியம் அவ்வளவு அவசியம்.

அறிவிப்பை வந்த பணமாக எண்ணுவது

அறிவித்தது, ஒப்பந்தம் போட்டது, கைக்கு வந்தது. தனித்தனியாக எழுதுங்கள்.

பாகூவின் இரண்டு எண்களைக் குழப்புவது

அஜர்பைஜான் தலைநகர் பாகூவில் 2024இல் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவான 30,000 கோடி டாலர், வளர்ந்த நாடுகள் முன்னின்று 2035க்குள் எட்ட வேண்டிய ஆண்டு இலக்கு. 1.3 லட்சம் கோடி டாலர் என்பது தனியார் உட்பட எல்லாத் தரப்புக்கும் விடுத்த அழைப்பு. பெரிய எண்ணை மட்டும் தலைப்பில் போடாதீர்கள்.

திட்டத்தின் பெயரை நம்புவது

காலநிலை பல நோக்கங்களில் ஒன்றாக மட்டும் இருக்கும் திட்டங்களும் கணக்கில் வரும். அவற்றில் எத்தனை சதவீதத்தைச் சேர்ப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அப்புறம் எப்படி இரண்டு நாடுகளை நேரடியாக ஒப்பிடுவது? முதலில் அந்த விகிதத்தைத் தேடிப் பிடியுங்கள்.