குழந்தையின் வயிறு ஓயாமல் படுத்துகிறதா? காரணத்தைத் தேடும் முறை

இரண்டு வாரம் தாண்டியும் வயிறு சரியாகாவிட்டால் பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினால் பிள்ளை இளைக்கும், காரணம் பிடிபடாது. நிறுத்துவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

சிலவற்றுக்கு நோட்டு வேண்டாம், நேரே டாக்டர்தான்: மலத்தில் ரத்தம், எடை குறைவது, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு. பச்சை நிற வாந்தி, கெட்டியாக உப்பிய வயிறு, ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீரே போகாமை ஆகியவற்றுக்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம்.

மற்றவர்கள் 14 நாள் எழுதுங்கள். நேரம், சாப்பிட்டது, குடித்தது எத்தனை மில்லி, மலம் உருண்டையா களியா தண்ணீரா, எவ்வளவு, வலி, மருந்து. மருந்தை விட்டுவிடாதீர்கள்: ஆன்டிபயாட்டிக் வயிற்றை இளக்கும், இரும்புச்சத்து சிரப் மலத்தைக் கறுப்பாக்கும்.

ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "7.10 பால் 200 மில்லி. 7.40 கால்விரலில் நின்று முக்கினான், எதுவும் வரவில்லை. 9.00 ஜட்டியில் தண்ணீராகக் கறை, இரண்டு ஸ்பூன் அளவு." பார்த்தால் பேதி மாதிரிதான். உண்மையில் இது பெரும்பாலும் மலச்சிக்கல். குடலில் இறுகி அடைத்த மலத்தைச் சுற்றி நீர்மலம் கசிகிறது. வலிக்குப் பயந்து பிள்ளை அடக்குகிறது, அடக்க அடக்க இறுகுகிறது. இங்கே பேதி மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். அளவு கொஞ்சமாக, அடிக்கடி, ஜட்டியில் கசிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாளுக்கு 500 மில்லிக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைகளிடம் அதைக் குறைத்துப் பாருங்கள்.

எடையும் உயரமும் சரியாக ஏறுகின்றன, பிள்ளை ஓடியாடுகிறது, ஆனால் பகலில் நாலைந்து முறை உணவுத் துணுக்குகளோடு இளகிப் போகிறது என்றால் ஜூஸை இரண்டு வாரம் நிறுத்துங்கள். ஜூஸில் உள்ள பழச்சர்க்கரையும், சார்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற இனிப்புப் பொருளும் குடலுக்குள் நீரை இழுப்பவை.

பால் மேல் சந்தேகமா? லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒவ்வாததும் பால் புரத அலர்ஜியும் ஒன்றல்ல. முன்னதில் வாயு, புளித்த வாடையுள்ள நீர்மலம், சிவந்த ஆசனவாய். வயிற்றுத் தொற்றுக்குப் பின் சில வாரம் இருந்து போய்விடும். அலர்ஜியில் சளி, ரத்தம், தோலில் கரப்பான் சேர்ந்து வரலாம். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் புரதம் அப்படியே இருப்பதால் அலர்ஜிக்கு அது உதவாது. டாக்டர் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருள் முழுவதையும் விலக்கி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். திரும்பக் கொடுக்கும்போது தொந்தரவு மறுபடி வந்தால்தான் அது நிரூபணம். தடிப்பு, மூச்சுத்திணறல் முன்பு வந்திருந்தால் அந்தச் சோதனை வீட்டில் கூடவே கூடாது.

கோதுமையை மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். சீலியாக் என்பது கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் கெடும் நோய். அதற்கான ரத்தப் பரிசோதனை தேடுவது, கோதுமை சாப்பிடுவதால் உடல் கிளப்பும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள்களை. சாப்பிடாமல் போனால் அவை குறைந்து, நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரும். முதலில் பரிசோதனை, அப்புறம் பத்தியம்.

நீடிக்கும் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகக்கூடிய ஜியார்டியா என்ற குடல் கிருமி எல்லா மலத்திலும் தென்படாது. நுண்ணோக்கியில் பார்ப்பதானால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது. நோட்டையும் எடை அட்டையையும் கூடவே கொண்டுபோங்கள்.