சளி பிடித்தால் முதலில் காலண்டரைப் பாருங்கள்

போன ஐப்பசி மழையில் ஒருவர் எங்கள் மருந்துக் கடைக்கு வந்தார். டாக்டர் சீட்டு இல்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, கவுன்டர் கண்ணாடி மேல் வைத்து, “பாருங்க தம்பி, பச்சையாயிடுச்சு, அந்த மூணு மாத்திரை அட்டையைக் குடுங்க” என்றார். அவர் கேட்டது அசித்ரோமைசின், பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். பெயர் தெரியாது, அட்டையின் நிறம் தெரியும். “என்னைக்குண்ணே ஆரம்பிச்சுது?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “ஞாயித்துக்கிழமை கறி வாங்க நிக்கிறப்ப தொண்டை கரகரன்னு இருந்துச்சு” என்றார். அன்று வியாழன். ஆக, ஐந்தாம் நாள்.

ஐந்தாம் நாளில் சளி பச்சையாவதில் ஆச்சரியமே இல்லை. வைரஸோடு மல்லுக்கட்ட வரும் வெள்ளையணுக்களுக்குள் ஒரு நொதி இருக்கிறது, அதற்கு இயல்பிலேயே பச்சை நிறம். அந்த அணுக்கள் செத்துச் சளியில் சேரச் சேர, தண்ணீராக இருந்தது மஞ்சளாகி, பிறகு பச்சையாகிறது. பச்சையாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து பாக்டீரியா வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரைக்கோ வைரஸிடம் ஒரு வேலையும் இல்லை. ஆனால் ஐந்தாம் நாள் மாத்திரை போடுகிறோம், ஏழாம் நாள் மூக்கு திறந்துகொள்கிறது, அது தானாகவே திறக்கிற நாளும் அதுதான். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது, அடுத்த மழைக்கும் அதே அட்டையைக் கேட்டு வந்து நிற்கிறோம்.

அதனால் சளி பிடித்ததும் முதல் வேலை, தொண்டை கரகரத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது. எந்த வைரஸ் என்று தெரிவதைவிட இன்று எத்தனையாவது நாள் என்று தெரிவதுதான் பெரும்பாலும் உதவும்.

சாதாரண ஜலதோஷம் எப்படிப் போகும் என்றால், முதல் நாள் தொண்டை கரகரப்பு, ஒன்றிரண்டு தும்மல். இரண்டாம், மூன்றாம் நாள் மூக்கு குழாய் மாதிரி ஒழுகும், தலை பாரமாக இருக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல். இதுதான் உச்சம். நான்கு, ஐந்தில் சளி கெட்டியாகி நிறம் மாறும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் அடங்கிவிடும், இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுத்துக்கொண்டு கிடக்கலாம். பெரியவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை இப்படி வருவது சகஜம். “எனக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை” என்று சத்து மாத்திரை டப்பாவைத் தேட வேண்டாம்.

இத்தனை தடவை வந்தும் ஏன் உடம்பு பழகவில்லை என்று கேட்பார்கள். ஜலதோஷத்துக்கு முதல் காரணமான ரைனோவைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, ஒன்றுக்குப் பழகினால் இன்னொன்று வரும். இதற்கு நம் உடம்புச் சூட்டைவிட மூக்கின் உட்புறச் சூடு, அதாவது 33 டிகிரி செல்சியஸ் வாக்கில், ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடுகிறது. அடுத்தது கொரோனா வைரஸ்கள். 2019இல் வந்ததைச் சொல்லவில்லை, அதற்கு வெகு முன்பிருந்தே 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1 என்று நான்கு பேர் சத்தமில்லாமல் நமக்குச் சளி பிடிக்க வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்புறம் பாராஇன்ஃப்ளூயன்சா, இது குரலைக் கட்டிப்போடும். ஆர்எஸ்வி என்ற வைரஸ் குழந்தைகளுக்கு வருவது என்று பெயர், ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் நுரையீரல் வரை இறங்கிப் பாடாய்ப் படுத்தும். 2001இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்த எச்எம்பிவி என்ற வைரஸும் ஏறக்குறைய அதே ரகம். தொண்டை வலி, காய்ச்சலோடு கண்ணும் சிவந்து பீளை கட்டினால் அடினோவைரஸாக இருக்கலாம், மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்வதற்கும் பெரும்பாலும் இதே குடும்பம்தான் காரணம்.

இவற்றில் எதுவாக இருந்தாலும் ஜலதோஷத்துக்கான கைவைத்தியம் ஒன்றுதான். தனியாகக் கவனிக்க வேண்டியவை ஃப்ளூவும் கோவிடும். ஜலதோஷம் படிப்படியாக ஏறும், ஃப்ளூ அடித்துப் போட்ட மாதிரி வரும்: காலையில் வேலைக்குப் போனவர் மத்தியானம் குளிர் நடுக்கத்தோடு, எலும்பெல்லாம் வலிக்குது என்று திரும்பி வருவார். நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறும் என்றால், சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு, முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அதனால் கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இப்படிக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும், நம் பக்கத்தில் செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது.

தொண்டை வலிக்கு வருவோம். பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் நூற்றுக்கு 5 முதல் 15 வரைதான் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வருவது, மீதியில் பெரும்பகுதி வைரஸ். மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, குரல் கம்மியிருக்கிறது என்றால் தராசு வைரஸ் பக்கம் சாய்கிறது. இருமலே இல்லாமல், காய்ச்சல் அடித்து, டான்சிலில் வெள்ளை படிந்து, கழுத்தின் முன்பக்க நெறிகட்டி தொட்டால் வலித்தால் டாக்டர் பார்க்கட்டும். இதில் ஒரு கோணல் இருக்கிறது. கல்லூரி வயசுப் பிள்ளைகளுக்கு எப்ஸ்டைன் பார் என்ற வைரஸ் இதே மாதிரி டான்சிலை வெள்ளையாக்கி, கழுத்தை வீங்க வைத்து, வாரக்கணக்கில் அசதியில் தள்ளும். தெரியாமல் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் போட்டால் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடிக்கும். வீட்டில் உடனே “இவனுக்குப் பென்சிலின் அலர்ஜி” என்று முத்திரை குத்திவிடுவார்கள், பல நேரம் அலர்ஜியே இருக்காது.

சரி, கடையில் என்ன வாங்கலாம்? பாரசிட்டமால், அவ்வளவுதான், அதுவும் காய்ச்சலோ வலியோ இருந்தால். ‘சளி மாத்திரை’ என்று வாங்கும் கலவை மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு மேலே 650 மில்லிகிராம் பாரசிட்டமாலையும் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எல்லாம் சேர்த்து நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைவாக. அந்தக் கலவைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின், வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு 2023இல் சொல்லிவிட்டது. கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவைக்கும், வண்டி ஓட்டாதீர்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடும். மூக்கடைப்புச் சொட்டு மருந்து உடனே கேட்கும், ஆனால் 3 நாள், மிஞ்சினால் 5 நாள். அதற்கு மேல் போனால் அந்த மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும். பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகளைப் பேப்பரில் மடித்துத் தருகிற ‘செட்டு’ வேண்டவே வேண்டாம். அதற்குள் ஸ்டீராய்டு இருந்தால்கூட உங்களுக்குத் தெரியாது.

உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, சுக்குத் தண்ணீர், மிளகு ரசம், இருமலுக்குத் தேன், எல்லாம் இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். ஆவி பிடிப்பதால் வைரஸ் சாகாது, கொதிக்கிற பானையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தொடையைச் சுட்டுக்கொண்டவர்களுக்குத் தீக்காயக் களிம்பு கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

இப்போது மறுபடி காலண்டர். பத்து நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது நன்றாகத் தேறி வந்து ஆறாம் நாள் வாக்கில் திரும்பக் காய்ச்சலும் கன்னத்து வலியும் வந்தது என்றால் அது சைனஸில் பாக்டீரியா ஏறியதாக இருக்கலாம், அப்போது டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் அதில் அர்த்தம் இருக்கிறது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் போங்கள். மழைக்காலத்தில் சளியே இல்லாத காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்க வேண்டும், அந்த நேரத்தில் புரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் என்ற வலி மாத்திரைகள் எதையும் தொடாதீர்கள். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலி, வாயைத் திறக்க முடியாமை, இதற்கெல்லாம் நாள் கணக்கே கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. இருமல் இரண்டு வாரத்தைத் தொட்டால், அது சளியின் மிச்சமாகவே இருக்கலாம்தான், இருந்தாலும் நம் ஊரில் காசநோய் இருக்கிற நிலைமைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், இலவசம்தான்.

அண்ணன் பாரசிட்டமால் ஒரு அட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, பாதி நம்பிக்கையோடு போனார். மழையில் நனைந்ததால்தான் வந்தது என்றார் போகும்போது. மழைத் தண்ணீரில் ரைனோவைரஸ் கிடையாது, ஷட்டரை இறக்கிவிட்ட டவுன் பஸ்ஸில் பக்கத்தில் தும்மினவரிடம் இருக்கும். தும்மலில் வரும், கையிலிருந்து கைக்கு வரும், தொட்ட இடத்தில் சில மணி நேரம் உயிரோடு இருந்து, நாம் மூக்கையோ கண்ணையோ தேய்க்கும்போது உள்ளே போகும். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால் போய்விடும். இதெல்லாம் தெரிந்தும், அவர் வைத்த கைக்குட்டையையும் கொடுத்த ஈர நோட்டையும் தொட்ட கையோடு அன்றைக்கு மூக்கைச் சொறிந்திருக்கிறேன் போல. இந்த வைரஸ் உள்ளே போய் வேலையைக் காட்ட இரண்டு நாள் எடுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தொண்டை கரகரத்தது. வட்டம் போட்டு வைத்தேன்.